சீமைப் படிப்பு: வீட்டுப் பத்திரத்தை எடுக்கும் முன் ஒரு கணக்கு

பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, வண்டலூர் பக்கத்தில் சொந்த வீட்டில் குடியிருக்கும் குடும்பங்கள் ஏராளம். அந்த வீடுகள் சும்மா வந்துவிடவில்லை. சீட்டுப் போட்டு, நகையை விற்று, அரை கிரவுண்டு மனை வாங்கி, பல வருடம் கழித்து அதில் சுவர் எழுப்பியவர்கள் பலர்.

இன்று அந்த வீட்டின் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வருகிறது. எதற்கு? மகனையோ மகளையோ இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்புவதற்கு!

பிள்ளை படிக்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. சீமைப் படிப்பும் நல்ல படிப்பு. போகலாம். ஆனால் கணக்குப் பார்த்துப் போக வேண்டும். பத்திரம் வங்கிக்குப் போன பிறகு பார்க்கும் கணக்கால் பயன் இல்லை.

அன்று போன மாணவர்

இந்த வட்டாரத்துக்கும் பிரிட்டனுக்கும் உறவு பழையது. 1837-ம் ஆண்டு ஸ்காட்லாந்து பாதிரிமார்கள் சென்னையில் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. 1937-ல் அது தாம்பரத்துக்கு வந்தது. அன்று அங்கிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். இன்று இங்கிருந்து மாணவர்கள் போகிறார்கள்.

அப்படிப் போன தமிழர்களில் பெரும் புகழ் பெற்றவர் கணித மேதை ராமானுஜன். 1914 மார்ச் 17-ந் தேதி அவர் சென்னையில் கப்பல் ஏறினார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு வருடம் 250 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. அதில் 50 பவுண்டை ஊரில் உள்ள குடும்பத்துக்குக் கொடுத்துவிட ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அவர் புறப்பட்டார்.

ராமானுஜனைப் போல மேதையாக எல்லோராலும் முடியாது. ஆனால் "செலவுக்கு என்ன வழி? வீட்டுக்கு என்ன வழி?" என்று முடிவு செய்துகொண்டு புறப்படுவது எல்லோராலும் முடியும்.

மொத்தம் எவ்வளவு?

ஏஜெண்டுகள் பெரும்பாலும் கல்லூரிச் சம்பளத்தை மட்டும் சொல்வார்கள். அது பாதிக் கணக்கு. முழுக் கணக்கை இங்கே பார்க்கலாம்.

லண்டனுக்கு வெளியே ஒரு வருட மேல்பட்டப் படிப்பு. சம்பளம் 18,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு, வாடகைக்கு மாதம் 1,171 பவுண்டு வீதம் 9 மாதத்துக்கு 10,539 பவுண்டு காட்ட வேண்டும். இது 2025 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு வைத்த அளவு. லண்டன் என்றால் மாதம் 1,529 பவுண்டு. 2025-ம் ஆண்டு விகிதப்படி விசாக் கட்டணம் 524 பவுண்டு. அங்குள்ள அரசு மருத்துவத்துக்கு முன்கூட்டியே கட்டும் தொகை, வருடம் 776 பவுண்டு வீதம் ஒன்றரை வருடத்துக்கு 1,164 பவுண்டு.

எல்லாம் கூட்டினால் 30,227 பவுண்டு. ஒரு பவுண்டு 120 ரூபாய் என்று வைத்தால் 36 லட்சத்துக்கு மேல் ஆகிறது! விமான டிக்கெட்டும் கம்பளி உடுப்பும் இதில் சேரவில்லை. கட்டணங்கள் அடிக்கடி மாறுகின்றன. பணம் கட்டும் முன்பு பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் அன்றைய விகிதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காட்டுவதற்கு ஒரு பணமா?

சொந்தப் பணத்தைக் காட்டுவதானால் அது வங்கிக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். வங்கியின் கல்விக் கடன் கடிதத்தையும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

சிலர் தரகரிடம் ஒரு மாதத்துக்கு வட்டிக்கு வாங்கிக் காட்டிவிட்டு, விசா வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். இது பெரிய தவறு. அந்தப் பணம் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் என்று கேட்கப்பட்டது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், அந்நிய மண்ணில் பிள்ளை எதைச் சாப்பிடும்?

பகுதி நேர வேலை

"அங்கே போனதும் வேலை செய்து கட்டிவிடலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. பட்டப்படிப்பு, மேல்பட்டப் படிப்பு மாணவர்கள் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. சொந்தமாகத் தொழில் செய்யவும் கூடாது. மீறினால் விசாவே போகும்.

21 வயதுக்கு மேற்பட்டவருக்கு 2026 ஏப்ரல் முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்டு. 20 மணி நேரம் முழுதாகக் கிடைத்தால் வாரம் சுமார் 254 பவுண்டு வரும். அந்த வேலையும் எல்லா வாரமும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இந்தக் காசு சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் துணை செய்யும். கல்லூரிச் சம்பளத்தைக் கட்டாது.

போய் இறங்கியதும்

முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியவை சில உண்டு. பக்கத்தில் உள்ள டாக்டரிடம் பெயர் பதிய வேண்டும். முன்கூட்டிக் கட்டிய மருத்துவப் பணம் அப்போதுதான் பயன்படும். முழுநேர மாணவர் என்று கல்லூரியில் சான்று வாங்கி, தங்கியுள்ள ஊரின் கவுன்சிலில் கொடுக்க வேண்டும். மாணவர்கள் மட்டுமே குடியிருக்கும் வீட்டுக்குக் கவுன்சில் வரி கிடையாது.

வீட்டைப் பார்க்காமல் இங்கிருந்தே முன்பணம் அனுப்பக்கூடாது. இங்கிலாந்தில் சாதாரண வாடகை வீட்டுக்கு ஐந்து வார வாடகைக்கு மேல் டெபாசிட் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. முதல் வருடம் கல்லூரி விடுதியே பத்திரம்.

சமையல் தெரிந்துகொண்டு போக வேண்டும். சாதம், குழம்பு, ரசம் வைக்கத் தெரிந்தால் செலவும் குறையும், உடம்பும் நிற்கும். ராமானுஜன் அங்கே தானே சமைத்துச் சாப்பிட்டார். சண்டைக் காலத்தில் அவருக்கு ஏற்ற சைவ உணவு கிடைப்பது அரிதாயிற்று. 1917-ல் நோயில் விழுந்தார். 1919-ல் ஊர் திரும்பி, அடுத்த வருடமே காலமானார். இன்று அந்தக் கஷ்டம் இல்லை. அரிசியும் பருப்பும் பெரிய நகரங்களில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனாலும் காசை மிச்சப்படுத்த வயிற்றைக் காயப்போடும் பிள்ளைகள் உண்டு. அது சிக்கனம் ஆகாது.

படித்த பின் வேலை

படிப்பை முடித்துத் தேறியவர் அங்கே தங்கி வேலை தேடத் தனி விசா இருக்கிறது. 2026 டிசம்பர் 31-க்குள் விண்ணப்பிப்பவருக்கு இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவருக்கு ஒன்றரை வருடம்தான். டாக்டர் பட்டம் பெற்றவருக்கு மட்டும் மூன்று வருடம். இந்த விசாவும் இலவசம் அல்ல. 2025-ம் ஆண்டு விகிதப்படி இரண்டு வருடத்துக்குக் கட்டணமும் மருத்துவத் தொகையும் சேர்த்து 2,950 பவுண்டு. மூன்றரை லட்சம் ரூபாய்! வீட்டுக் கணக்கில் இதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகும் தங்க வேண்டுமானால், அரசின் உரிமம் பெற்ற கம்பெனி ஒன்று வேலை கொடுக்க வேண்டும். பட்டதாரிக்குரிய வேலையாக இருக்க வேண்டும். 2025 ஜூலை முதல் பொதுவாக வருடச் சம்பளம் 41,700 பவுண்டு தேவை. புதிதாகப் படித்து முடித்தவருக்குச் சலுகை உண்டு. அவருக்கும் குறைந்தது 33,400 பவுண்டு வேண்டும். ஓட்டல் வேலையும் கடை வேலையும் இதற்கு உதவமாட்டா.

பெரிய கம்பெனிகள் அடுத்த வருடத்துக்கான ஆட்களைச் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே எடுக்கத் தொடங்கிவிடுகின்றன. பிள்ளை போய் இறங்குவதே செப்டம்பரில்! ஆகவே பெட்டியைப் பிரித்த கையோடு வேலைக்கு மனுப் போட வேண்டும். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இதற்கு உதவ ஓர் அலுவலகம் உண்டு. காசு கேட்கமாட்டார்கள். "வேலைக் கடிதம் வாங்கித் தருகிறேன், பணம் கொடு" என்பவன் மோசடிக்காரன்.

கடனுக்கு ஓர் அளவு

இப்போது முக்கியமான கணக்கு. 30 லட்சம் ரூபாய் கடன், வட்டி பத்தரை சதவீதம் என்று வைப்போம். 10 வருடத்தில் கட்டினால் மாதத் தவணை சுமார் 40,500 ரூபாய். மொத்தம் கட்டுவது 48 லட்சத்துக்கு மேல். 15 வருடம் என்றால் தவணை 33 ஆயிரமாகக் குறையும். ஆனால் மொத்தம் 60 லட்சத்தைத் தொடும். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை.

அங்கே நல்ல வேலை கிடைத்தால் இந்தத் தவணையைக் கட்டிவிடலாம். கிடைக்காமல் பிள்ளை ஊர் திரும்பினால்? சென்னையில் மாதம் 45 ஆயிரம் சம்பளத்தில் வேலைக்குச் சேர்பவர் 40 ஆயிரம் தவணை கட்ட முடியுமா?

ஆகவே அளவு இதுதான்: சென்னைச் சம்பளத்தில் கட்ட முடிகிற கடனை மட்டும் வாங்க வேண்டும். அந்த 45 ஆயிரத்தில் மூன்றில் ஒரு பங்கு, 15 ஆயிரம் ரூபாய், தவணைக்குப் போகலாம். அதற்கு 10 வருடத்தில் கட்டும் கடன் சுமார் 11 லட்சம். மீதி சேமிப்பிலிருந்தோ உதவித்தொகையிலிருந்தோ வர வேண்டும். வராது என்றால், இரண்டு வருடம் இங்கே வேலை செய்து சேர்த்துக்கொண்டு போகலாம். சீமை எங்கும் ஓடிவிடாது.

உதவித்தொகைகளும் உண்டு. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை, வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு முழுச் செலவையும் தருகிறது. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தமிழக அரசின் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. ஏஜெண்டைப் பார்க்கும் முன்பு இவற்றை விசாரிப்பது நல்லது. பெரும்பாலான ஏஜெண்டுகளுக்குப் பல்கலைக்கழகமே கமிஷன் தருகிறது. அவர்கள் இலவசமாக யோசனை சொல்வது அதனால்தான்.

குடியிருக்கும் ஒரே வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். பெரும்பாலும் ஏழரை லட்சம் வரை அரசு வங்கிகள் சொத்து கேட்பதில்லை. அதற்கு மேல் தேவைப்பட்டால் காலி மனையோ வைப்புத் தொகையோ இருந்தால் கொடுக்கலாம். தலைக்கு மேல் உள்ள கூரையைக் கொடுக்கக்கூடாது.

வீட்டில் பேச வேண்டிய பேச்சு

புறப்படும் முன்பு அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் உட்கார்ந்து இந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுத வேண்டும். கடன் எவ்வளவு, தவணை எப்போது தொடங்கும் என்பது பிள்ளைக்கும் தெரிய வேண்டும். அங்கே கஷ்டம் வந்தால் அதை மறைக்காமல் சொல்லும் தைரியத்தைப் பெற்றோர் கொடுக்க வேண்டும்.

வேலை கிடைக்காமல் திரும்பி வருவது வெட்கம் அல்ல. ஊரார் என்ன சொல்வார்களோ என்று பயந்து, விசா முடிந்தும் ஒளிந்து வாழ்வதுதான் ஆபத்து. படித்த படிப்பு கூடவே வரும். அதற்குச் சென்னையிலும் மதிப்பு உண்டு.

பிள்ளை திரும்பி வரும் நாளில் கதவைத் திறக்க அந்த வீடு இருக்க வேண்டும். கணக்குப் பார்ப்பது அதற்காகத்தான்.