பழைய புட்டியும் நண்பர்களின் மேசையும்

அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம்.

சில மாதங்களுக்கு முன், சிறுவயதில் நம்மிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் மதரஸாவுக்கு வந்திருந்தார். இன்று பெங்களூரில் பெரும் பொறுப்பில் இருப்பவர். ஐவேளைத் தொழுகையைப் பேணுபவர். மஃரிப் தொழுது மற்றவர்கள் கலைந்த பின் தயங்கியபடியே பேசினார். உடன் பணியாற்றும் நண்பரின் வீட்டில் இரவு விருந்து. இருபது ஆண்டுகள் பாதுகாத்த பிரெஞ்சு ஒயின் புட்டி ஒன்றை நண்பர் அன்று திறந்தார். எல்லோர் கோப்பையிலும் சிறிது ஊற்றப்பட்டது. நம் மாணவரும் ஒரு மிடறு எடுத்து, நாவில் நிறுத்தி, அதற்கென வைத்திருந்த பாத்திரத்தில் உமிழ்ந்துவிட்டார். “தொண்டைக்குள் ஒரு துளிகூட இறங்கவில்லை ஹஜ்ரத். இது குடித்ததாக ஆகுமா?” என்று கேட்டார்.

விடை தெரியாமல் அவர் கேட்கவில்லை. விடை தெரிந்ததால்தான் அவரது பார்வை தரையில் இருந்தது. மதுக்கடை வாசலில் நிற்கவே கூசும் நம் பிள்ளைகள், அதே பொருளை வெள்ளை விரிப்பிட்ட மேசையில், ‘ரசனை’ என்றும் ‘நட்பு’ என்றும் பெயர் சூட்டிக் கொடுக்கும்போது தடுமாறிப்போகிறார்கள். அந்த இரண்டு பெயர்களையும்தான் நாம் இங்கே கேள்வி கேட்கப் போகிறோம்.

ஒயினில் சுவையே இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. மதுவில் மனிதருக்குச் சில பயன்கள் உண்டென்றும், ஆனால் அதன் பாவம் பயனைவிடப் பெரிதென்றும் அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனமே கூறிவிட்டது. அந்த வசனத்தை முதலில் கேட்ட அரபியர் மதுவின் சுவை அறியாதவர்களும் அல்லர். அறியாமைக் காலத்தின் புகழ்பெற்ற முஅல்லகா கவிதைகளுள் அம்ர் பின் குல்தூம் பாடியது, காலை நேரத்து மதுவைக் கேட்டே தொடங்குகிறது. உடனிருந்து குடிக்கும் நண்பனுக்கு அவர்களின் மொழியில் ‘நதீம்’ என்றே தனிச்சொல் இருந்தது. மனம் வருந்துவதைக் குறிக்கும் ‘நதாமா’ என்ற சொல்லுக்கும் அதே மூன்று மூல எழுத்துகள்தாம் என்பதை அரபு இலக்கணம் ஓதும் மாணவர்கள் கவனிக்கட்டும்.

இனி, மதீனாவில் நடந்த ஒரு நண்பர் விருந்தைப் பார்ப்போம். அபூதல்ஹா (ரலி) அவர்களின் இல்லத்தில் அபூஉபைதா (ரலி), உபை பின் கஅப் (ரலி) முதலானோர் அமர்ந்திருக்கிறார்கள். பேரீச்சங்காயிலிருந்து செய்த மதுவை இளைஞரான அனஸ் (ரலி) அவர்கள் ஊற்றிக் கொடுக்கிறார்கள். மது தடை செய்யப்பட்டுவிட்டது என்ற செய்தி அப்போது வருகிறது. இருப்பதைக் கொட்டிவிடுமாறு அபூதல்ஹா (ரலி) அனஸிடம் கூறுகிறார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது. புகாரீயிலும் முஸ்லிமிலும் பதிவான நிகழ்ச்சி இது. ஊற்றியதை மட்டும் முடித்துவிடுவோம் என்று எவரும் சொல்லவில்லை. நாவில் வைத்து உமிழ்ந்தால் போதுமா என்றும் எவரும் கேட்கவில்லை. அந்த நட்பு அன்றோடு முறிந்துவிடவும் இல்லை.

இன்றைய வாதங்களுக்கு வருவோம். “போதைக்காக அல்ல, சுவைக்காக மட்டுமே” என்பது முதல் வாதம். புட்டியில் ஆண்டுகள் ஏற ஏற ஒயினின் துவர்ப்பு தணிகிறது. துவர்ப்புப் பொருள் வண்டலாக அடியில் படிகிறது. கருஞ்சிவப்பு நிறம் செங்கல் நிறமாகிறது. ஆனால் அதிலுள்ள ஆல்கஹால் அப்படியேதான் இருக்கிறது. பெரும்பாலான ஒயின்களில் அது நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு வரை. வயது ஏறியதால் ஹராம் ஹலாலாகிவிடாது. எதன் அதிக அளவு போதை தருமோ அதன் சிறிதளவும் ஹராம் என்பது நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பு. மேலும் ஷாஃபிஈ, ஹனஃபி உட்பட நான்கு மத்ஹபுகளிலும் பெரும்பாலான அறிஞர்களிடம் மது அசுத்தமான பொருள். குர்ஆன் ஓதும் நாவில் நஜீஸை நிறுத்திவைத்துச் சுவை ஆராய்வதற்கு எந்த அனுமதியும் இல்லை.

“அது ஒரு கலை, நுட்பமான அறிவு” என்பது இரண்டாவது வாதம். அந்த அறிவின் உறுதியையும் பார்த்துவிடுவோம். பிரான்சின் போர்தோ நகரில் ஒயின் இயல் பயின்ற 54 மாணவர்களிடம், மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயின் கொடுக்கப்பட்டது. சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அவர்கள் அதன் மணத்தை வருணித்தார்கள். 2001இல் வெளிவந்த ஆய்வு அது. அமெரிக்காவில் ரூடி குர்னியவான் என்பவர் செல்வந்த நண்பர்களுக்கு விருந்து வைத்து அரிய பழைய புட்டிகளைத் திறப்பதில் பெயர் பெற்றிருந்தார். அவரோ மலிவான ஒயின்களைத் தம் வீட்டிலேயே கலந்து, பழைய முத்திரைகளை ஒட்டி, பெரும் தொகைக்கு விற்றவர். நியூயார்க் நீதிமன்றம் 2013இல் அவரைக் குற்றவாளியெனக் கண்டது. மறு ஆண்டு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. தேர்ந்த ரசிகர்கள் பலர் அவரிடம் ஆண்டுக்கணக்கில் ஏமாந்திருந்தார்கள். அம்மேசைகளில் பல நேரம் சுவைக்கப்படுவது புட்டியின் விலையும் வீட்டுக்காரரின் அந்தஸ்துமே. பெருமையடித்தலுக்கு ரசனை என்று பெயர் வைத்தால் அது பெருமையடித்தல் இல்லாமல் போய்விடுமா?

“நான் குடிக்கவில்லை, உடன் இருந்தேன், அவ்வளவுதான்” என்பது மூன்றாவது வாதம். நம்மில் மிகுதியானோர் சிக்குவது இதில்தான். அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்புகிறவர் மது பரிமாறப்படும் விரிப்பில் அமர வேண்டாம் என்ற நபிமொழி திர்மிதீயில் உள்ளது. மதுவின் காரணமாகச் சபிக்கப்பட்ட பத்துப் பேருள் குடிப்பவர் ஒருவரே. பிழிபவர், சுமப்பவர், பரிமாறுபவர், விற்பவர், வாங்குபவர் எல்லோரும் அப்பட்டியலில் இருக்கிறார்கள். உணவகத்தில் நண்பர்கள் உண்டபின் மொத்தத் தொகையைச் சமமாகப் பங்கிடும்போது, பழச்சாறு மட்டும் அருந்திய நம் சகோதரரும் அந்தப் புட்டிக்கு விலை கொடுத்தவர்களில் ஒருவராகிவிடுகிறார். இதை அவர் எண்ணிப் பார்த்தாரா?

மேலதிகாரியை மகிழ்விக்க விலையுயர்ந்த புட்டியை அன்பளிப்பாகக் கொடுப்பவர்களும் நம்மில் உண்டு. அவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி. தடை வந்ததை அறியாத ஒருவர் தோல்பை நிறைய மதுவை நபி (ஸல்) அவர்களுக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். அது தடை செய்யப்பட்டதை அவர்கள் தெரிவித்ததும், அதை விற்றுவிடுமாறு அவர் ஒருவரிடம் இரகசியமாகச் சொன்னார். குடிப்பதைத் தடுத்தவன் விற்பதையும் தடுத்துவிட்டான் என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். அவர் பையின் வாயை அவிழ்த்து முழுவதையும் கொட்டினார். முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. கொண்டுவந்தவரை அவர்கள் இழிவுபடுத்தவில்லை. அன்பளிப்பை ஏற்கவும் இல்லை. மறுப்பதற்குரிய ஒழுங்கு இதுவே. கடுமுகம் காட்ட வேண்டியதில்லை, தளர்ந்துபோகவும் கூடாது.

எஞ்சுவது நட்பு. மதுவின் வழியே உங்களிடையே பகையை உண்டாக்கவே ஷைத்தான் விரும்புகிறான் என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 91ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஒரு மிடறை மறுத்ததால் அறுந்துபோகும் உறவு என்றால், அது அந்தப் புட்டியோடு கொண்ட உறவாகத்தான் இருந்திருக்கும். நம் ஊர்களில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து, பக்கத்தில் இருப்பவருக்கு நல்ல இறைச்சித் துண்டை ஒதுக்கி வைத்து உண்கிறோமே, அங்கே எந்தப் போதை நம்மை நெருக்கமாக்கியது?

ஆயினும் குற்றத்தின் ஒரு பங்கு ஆசிரியர்களாகிய நம்முடையது. மது ஹராம் என்று மனனம் செய்வித்தோம். மேலதிகாரி புன்னகையோடு கோப்பையை நீட்டும்போது என்ன சொல்வது என்று நாம் கற்பிக்கவில்லை. இப்போது சொல்கிறோம். அழைப்பு வந்த அன்றே, “நான் மது பரிமாறும் விருந்தில் அமர்வதில்லை, வேறொரு நாள் தேநீருக்கு வருகிறேன்” என்று கூறிவிடுங்கள். இன்னும் சிறந்தது, அந்த நண்பரை உங்கள் வீட்டுக்கு அழைத்து உங்கள் கையால் பரிமாறுங்கள்.

அந்த மாணவரிடம், தவ்பா செய்யுங்கள், வாசல் திறந்தே இருக்கிறது என்றோம். ஊர் திரும்பிய அவர், அடுத்த வெள்ளிக்கிழமை அதே நண்பரைக் குடும்பத்தோடு மதிய உணவுக்கு அழைத்ததாகத் தெரிவித்தார். அல்ஹம்துலில்லாஹ்.

முத்திரையிட்ட பானத்தை அல்லாஹ்வும் நல்லோருக்காக வைத்திருக்கிறான். அதன் முத்திரை கஸ்தூரி. போட்டியிட விரும்புவோர் அதற்காகப் போட்டியிடட்டும் என்கிறது அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம். இருபது ஆண்டுப் புட்டிக்காக அதை இழந்தவர்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் அல்லாஹ் ஆக்காதிருப்பானாக. ஆமீன்.