தினமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்றீங்களா? முதல்ல அதை நிறுத்துங்க!

"வண்டி சும்மாதானே நிக்குது? தினமும் காலையில ஒரு அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுங்க. இன்ஜினுக்கு நல்லது."

இதைச் சொல்லாத மாமா கிடையாது, மெக்கானிக் கிடையாது. 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு ஆரம்பித்ததும் வாட்ஸ்அப்பில் கபசுரக் குடிநீருக்குப் போட்டியாகச் சுற்றியது இந்த அறிவுரைதான். ஊரடங்கு போய்விட்டது, அறிவுரை மட்டும் போகவே இல்லை.

நான் சொல்வது இதற்கு நேர் எதிர். மன்னவனூர் மாதிரி குளிர் ஊரில், அதுவும் பெரிய இன்ஜின் வைத்த ஸ்போர்ட்ஸ் காருக்கு, இந்த அஞ்சு நிமிஷ சேவை என்பது ஆயிலில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றும் வேலை.

மன்னவனூர் தெரியாதவர்களுக்கு: கொடைக்கானலில் இருந்து பூம்பாறை வழியாக சுமார் 35 கிலோமீட்டர், சுமார் 2,000 மீட்டர் உயரம். கம்பளி ஆடுகளுக்கான மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் 1965 முதல் இருக்கிற ஊர் என்றால் குளிரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை புல்வெளியில் உறைபனி படியும். இந்த மேல்மலைப் பக்கம் காட்டேஜ் கட்டிக்கொண்டு கீழிருந்து வந்து போகும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஸ்போர்ட்ஸ் காரை ஆசையாக மேலே ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? ரோட்டைப் பார்த்ததும் அடி தட்டுமே என்று பயம் வரும். வண்டியை ஷெட்டில் போட்டு, கவர் போட்டு மூடி, சாவியை வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்து, "தினமும் ஸ்டார்ட் பண்ணி விடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்.

இப்படி ஆறு மாதம் ஓடாமல் ஓடிய வண்டிக்கு ஆயில் மாற்றும்போதுதான் கூத்து. கீழே போல்ட்டைக் கழற்றினால் கறுப்பு ஆயிலுக்கு முன்னால் தண்ணீர் வழியும். மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெண்ணெய் மாதிரி ஒரு பிசுக்கு. உடனே தீர்ப்பு எழுத ஆரம்பித்துவிடுவார்கள். ஓனருக்கு முதல் சந்தேகம் வாட்ச்மேன் மேல். "வண்டி கழுவறேன்னு எங்கேயோ தண்ணிய விட்டுட்டான்." மெக்கானிக் தீர்ப்பு, "சார், ஹெட் கேஸ்கெட் போயிருச்சு, இன்ஜினை இறக்கணும்." ஒருத்தருக்கு வேலை போகும், இன்னொருத்தருக்கு லட்சக்கணக்கில் பில் வரும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

பதில் பிளஸ் டூ வேதியியலில் இருக்கிறது மக்களே. பெட்ரோல் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும் வரும். பெட்ரோலுக்குப் பதில் ஆக்டேன் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு மூலக்கூறு ஆக்டேன் எரிந்தால் 9 மூலக்கூறு தண்ணீர். அதாவது 114 கிராமுக்கு 162 கிராம். தோராயமாக 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 1 லிட்டர் தண்ணீர்! இதில் பெரும்பகுதி ஆவியாக சைலன்சர் வழியே போய்விடும். காலையில் புகைக்குழாயில் சொட்டுச் சொட்டாக வடிவது அதுதான். மீதியில் கொஞ்சம் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கீழே ஆயில் இருக்கும் இடத்துக்கு இறங்கும்.

இன்ஜின் நன்றாகச் சூடானால் இதில் பிரச்சினையே இல்லை. சூடான ஆயிலில் தண்ணீர் நிற்காது. ஆவியாகி, அதற்கென்றே இருக்கிற வால்வு வழியாக மறுபடி இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு வெளியே போய்விடும். மன்னவனூர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அந்த ஒரு சலுகைகூட உண்டு. ஆனால் அஞ்சு நிமிஷ ஐடிலில் ஆயில் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகாது. கூலன்ட் சீக்கிரம் சூடாகும், ஆயில் மெதுவாகத்தான் சூடாகும். டாஷ்போர்டில் முள் ஏறுவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. சின்ன காரில் 3 லிட்டர் ஆயில் என்றால், சில ஸ்போர்ட்ஸ் கார்களில் 8 லிட்டர். அவ்வளவு ஆயிலும் சூடாக வேண்டும். பனியில் ஜில்லென்று கிடக்கும் இரும்பில் ஆவி பட்டால் என்ன ஆகும்? இட்லிப் பானை மூடியைத் திருப்பிப் பாருங்கள், அதேதான்.

ஒரு கணக்கு. பெரிய இன்ஜின் ஐடிலில் மணிக்கு 1.2 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அஞ்சு நிமிஷத்துக்கு 100 மில்லி பெட்ரோல், 100 மில்லி தண்ணீர். அதில் நூற்றில் ஒரு பங்குதான் ஆயிலில் தங்குகிறது என்று வைத்தாலும் நாளைக்கு 1 மில்லி. ஆறு மாதத்தில் 180 மில்லி. ஒரு டீ கிளாஸுக்கு மேலே! யாரும் ஊற்றவில்லை, எதுவும் உடையவில்லை. ஓனர் போட்ட உத்தரவை வாட்ச்மேன் அண்ணன் ஒரு நாள் விடாமல் ஒழுங்காகச் செய்ததற்குக் கிடைத்த பரிசு அது.

"ஸ்டார்ட் பண்ணலைன்னா பேட்டரி போயிடுமே?" என்பார்கள். ஸ்டார்ட்டர் இழுத்த கரண்டை அஞ்சு நிமிஷ ஐடில் ஒழுங்காகத் திருப்பித் தராது. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைப்பதோ, சின்ன சார்ஜர் மாட்டி வைப்பதோ மேல். "டயர் ஒரே இடத்தில் நின்று சப்பையாகிடுமே?" ஐயா, ஐடிலில் டயர் சுற்றுவதே இல்லையே! "ஆயில் எல்லாம் கீழே வடிந்துவிடுமே?" வடியும், மறுக்கவில்லை. அதற்கு மாதம் ஒரு முறை ஸ்டார்ட் பண்ணி முக்கால் மணி நேரம் நிஜமாகவே ஓட்டினால் போதும். பூம்பாறை வரை போய்விட்டு வந்தாலே வேலை முடிந்தது. அதற்கு நேரமில்லையா, வண்டியைத் தூங்க விடுங்கள்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் ஒரு பாடத்தை ஊருக்கே சொல்லிக் கொடுத்தன. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணாதே. அது வெளியே இருந்து வந்த தண்ணீர். வெள்ளமே வராத மலையில், ஸ்டார்ட் பண்ணுவதாலேயே தண்ணீர் வருகிறது என்பதையும் அதோடு சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

சரி, ஆயில் மாற்றும்போது தண்ணீரைப் பார்த்துவிட்டால்? யார் மேலேயும் பாய்வதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

மூடியில் மட்டும் வெண்ணெய்ப் பிசுக்கு, ஆயில் குச்சி சுத்தம், கூலன்ட் அளவு குறையவில்லை என்றால் பெரும்பாலும் குளிர்ந்த ஆவிதான். ஆயிலை மாற்றிவிட்டு நன்றாக ஓட்டிப் பாருங்கள்.

மொத்த ஆயிலும் பால் கலந்த காபி நிறம், கூலன்ட் டப்பாவில் அளவு குறைகிறது என்றால் அது நிஜ நோய். ஸ்டார்ட்டே பண்ணாதீர்கள். அப்போதும் ஹெட் கேஸ்கெட்தான் என்று முடிவு கட்ட வேண்டாம், ஆயில் கூலர் கசிந்தாலும் இப்படித்தான் வரும். கூலன்ட் பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். ஆயில் சாம்பிளை லேபுக்கு அனுப்பினால் அதில் கூலன்ட் கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். இன்ஜினை இறக்குவது இதெல்லாம் முடிந்த பிறகு. கூலன்ட் இனிக்குமாமே என்று யாரும் நக்கிப் பார்க்க வேண்டாம், அது விஷம்.

இரண்டும் இல்லாமல் சந்தேகமாக இருந்தால், சூடான தகட்டில் ஒரு சொட்டு ஆயில் விடுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. கடுகு மாதிரிப் படபடவென்று வெடித்தால் தண்ணீர் உண்டு.

கடைசியாக ஒன்று. பல கார்களின் மேனுவலில் "10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம்" என்று பெரிய எழுத்தில் இருக்கும். அடிக்கடி குறுகிய தூரம், கடும் குளிர் என்றால் அதற்கு முன்பே மாற்று என்று பின்பக்கம் இன்னொரு அட்டவணையும் இருக்கும். மேல்மலையில் ரெண்டு கிலோமீட்டர் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பும் எல்லா வண்டிக்கும் அந்தப் பின்பக்கம்தான் பொருந்தும். கிலோமீட்டர் கணக்கு இங்கே செல்லாது.

அதனால் ஓனர் சார், வாட்ச்மேன் அண்ணனைக் கூப்பிட்டு விசாரிப்பதற்கு முன்னால் உங்கள் உத்தரவை வாபஸ் வாங்குங்கள்.

டிஸ்கி: நம்ம பைக்குக்கும் இதே கதைதான். ஹாஸ்டல் வாசலில் தினமும் ஸ்டார்ட் பண்ணி முறுக்கிவிட்டு, ஓட்டாமல் ஆஃப் பண்ணும் அன்பர்கள் கவனிக்கவும்!