வரமா, வாத்தியாரா?

2022 நவம்பர் 11ஆம் நாள். திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில், கிராமியப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா. இந்தியத் தலைமை அமைச்சர் கையால் இசைவாணர் இருவர் மதிப்புறு முனைவர் பட்டம் பெற்றனர். ஒருவர் மிருதங்க வித்துவான் உமையாள்புரம் சிவராமன். மற்றொருவர் பண்ணைப்புரத்து இளையராஜா. வரவேற்கத்தக்க விழா, வாழ்த்தத்தக்க பட்டம்!

சிவராமனைப் பற்றிப் பேசுவோர், அவருடைய ஆசிரியர்களை வரிசையாகச் சொல்வர்: ஆறுபாதி நடேச ஐயர், தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர், பாலக்காடு மணி ஐயர், கும்பகோணம் ரங்கு ஐயங்கார். சொல்லட்டும், அதுவே முறை. இளையராஜா என்றவுடன் மட்டும் பேச்சு மாறுகிறது. "ஆண்டவன் அளித்த வரம்!" "முற்பிறப்புப் புண்ணியம்!" "கலைமகள் கடாட்சம்!" ஒருவருக்கு ஆசிரியர் நால்வர், மற்றவருக்கு ஆண்டவன் ஒருவனாம்! ஏன் இந்த ஓரவஞ்சனை?

வரம் என்னும் சொல் பூமாலை போலத் தோன்றும். பிரித்துப் பாருங்கள் தோழர்களே, அது உழைப்பைக் களவாடும் சொல். சேரியிற் பிறந்தவன் கற்றுத் தேர்ந்தான் என்று ஒப்பினால், கற்க வாய்ப்பின்றிப் போன ஆயிரம் பேருக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். அற்புதம் என்று சொல்லிவிட்டாலோ, கணக்கு முடிந்தது, ஏடு மூடப்பட்டது!

அந்த ஏட்டை நாம் திறப்போம்.

இளையராஜா 1943இல் பிறந்த பண்ணைப்புரம், இன்று தேனி மாவட்டத்தில் இருக்கிறது. அன்று, நம் திண்டுக்கல்லைப் போலவே, மதுரை மாவட்டத்து ஊர். முதற்பாடம் அன்னை சின்னத்தாயின் நாட்டுப்பாடல். அடுத்த பள்ளி, அண்ணன் பாவலர் வரதராசனின் ஆர்மோனியம். பொதுவுடைமை இயக்க மேடைகளில் பாட்டால் படை திரட்டிய பாவலர், 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்காகத் தேயிலைத் தோட்டங்களில் பாடித் திரிந்தவர். அவர் குழுவில் சேர்ந்தபோது இளையவருக்கு வயது பதினான்கு. ஊர் ஊராக, இரவு இரவாக, உழைப்பாளி மக்கள் முன் வாசித்து வாசித்துப் பழகிய கை அது.

பிறகு சென்னைப் பயணம். வழிச்செலவுக்கு வானத்திலிருந்து பொன்மாரி பொழியவில்லை. வீட்டு வானொலிப் பெட்டியை விற்றுத் தந்தவர் தாய். சென்னையில் 1968 முதல் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையின் இலக்கணம், சுரத்தைத் தாளில் எழுதும் முறை, இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார்த் தேர்வு, ஜி. கே. வெங்கடேசிடம் உதவியாளராக ஆண்டுக்கணக்கில் தொழில். இத்தனைக்கும் பின்னரே 1976இல் 'அன்னக்கிளி'. ஏறத்தாழ எட்டாண்டுக் கல்வியை எடுத்தெறிந்துவிட்டு, "ஒரே படத்தில் உதித்தார்" என்கிறார்களே, இது புகழ்ச்சியா, புரட்டா?

"அப்படியானால் ஆர்மோனியம் தொட்டவர் எல்லாரும் இளையராஜா ஆகிவிட்டனரா?" என்று மடக்குவர் சிலர். ஆகவில்லை, ஆக வேண்டியதும் இல்லை. ஆளுக்கு ஆள் ஆற்றல் வேறுபடும்; அதை மறுப்பது பகுத்தறிவு ஆகாது. ஆனால் விதை வீரியமுள்ளதா என்பது மண்ணில் இட்ட பிறகன்றோ தெரியும்? அந்த ஒரே வீட்டில் பாவலர் பாடினார், பாஸ்கர் வாசித்தார், கங்கை அமரன் பாட்டெழுதி இசையும் அமைத்தார். வரம் கூட்டமாக வந்து இறங்கியதோ? வீட்டுக்குள் ஆர்மோனியம் இருந்தது. கற்றுத்தர அண்ணன் இருந்தார். கேட்க மக்கள் இருந்தனர்.

இன்னொரு சான்று, நம் திண்டுக்கல்லிலேயே உண்டு. 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டுத் தமிழிசையின் தொன்மையை நிலைநாட்டிய ஆபிரகாம் பண்டிதர், திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். அவர் இசை கற்றதும் இவ்வூரில்தான், சடையாண்டி பத்தரிடம். பண்டிதர் புகழை நாடறியும். பத்தரை எத்தனை பேர் அறிவர்? ஆசிரியரை மறந்த நாடு, அற்புதத்தைத்தானே தேடும்!

வரம் பேசுவோருக்கு ஒரு கேள்வி. 2024 திசம்பரில் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில், அர்த்த மண்டப வாயிலோடு இளையராஜா நிறுத்தப்பட்டார். சீயரும் அர்ச்சகரும் தவிர எவரும் நுழையலாகாது என்பது வழக்கமாம். தம் சுயமரியாதையை விட்டுக் கொடுக்கவில்லை, பரவுவது வதந்தி என்று அவரே அறிவித்தார். அவர் சொல்லை மதிப்போம். அவர் பக்தி அவர் உரிமை. நம் வினா வழக்கத்தை நோக்கியது. ஆண்டவனே இசையை அள்ளிக் கொடுத்தான் என்கிறீர்கள். கொடுத்தவன் இருக்கும் அறையருகே, பெற்றவன் போகலாகாதா? வரம் கொடுக்கும் கடவுளுக்குத் தடையில்லாத சாதி, வழி விடும் வழக்கத்துக்கு மட்டும் தடையானது எப்படி?

வழக்கம் கிடக்கட்டும், வகுப்பறைக்கு வருவோம். 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர் அமர்த்தப்பட்டனர். ஓவியம், உடற்பயிற்சி, இசை, தையல் போன்றவற்றுக்காக, வாரத்தில் மூன்று அரை நாட்கள். தொடக்க ஊதியம் மாதம் ஐயாயிரம் ரூபாய். கலைக்கு நாம் ஒதுக்கிய அளவு அரை நாள்! பணம் படைத்தவன் பிள்ளைக்கு வீடு தேடிப் பாட்டு வாத்தியார் வருவார். வேடசந்தூரிலும் நிலக்கோட்டையிலும் கூலி வேலைக்குச் செல்வோர் பிள்ளைக்கு யார் வருவார்? சாவு வீட்டில் பறையடிக்கும் தந்தையின் தாளம் அப்பிள்ளையின் காதில் இருக்கிறது. அதை எழுதவும் வளர்க்கவும் உலக இசையோடு இணைக்கவும் கற்பிப்பார் இல்லை.

பாடம் சொல்லும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இளைஞர்களைக் கேட்கிறேன். சிலைக்குப் பால் ஊற்றும் கையால் ஓர் ஆர்மோனியம் வாங்குங்கள். நம் படிப்பகங்களில் மாலைதோறும் இசை வகுப்பு நடக்கட்டும். ஊரில் பறையும் நாதசுரமும் அறிந்த பெரியவரை ஆசிரியராக அழைத்து, நாற்காலி போட்டு அமர்த்துங்கள். ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் முழுநேர இசையாசிரியர் வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.

2025 மார்ச் 8இல் இலண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார் இளையராஜா. பண்ணைப்புரத்துக்கும் இலண்டனுக்கும் இடையே பாலம் கட்டியது கல்வி. அப்பாலத்தில் இன்று ஒருவர் நடந்தார் என்று வியந்து நிற்பதா? ஊருக்கு ஒரு பிள்ளையேனும் நடக்க வழி செய்வோம்!