புழுவுக்குப் பெயர் வைத்தவர் கணக்கில் வரமாட்டார்

யானைக்கால் நோய்ப் புழுவின் முழுப்பெயர் உச்சரேரியா பான்கிராஃப்டி (காபோல்ட், 1877). 1876இல் பிரிஸ்பேனில் முதிர்ந்த புழுவைக் கண்டவர் மருத்துவர் ஜோசப் பான்கிராஃப்ட். லண்டனில் அதற்குப் பெயரிட்டவர் காபோல்ட். யானைக்கால் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதும் எவரும் இந்தப் பெயரைத் தவிர்க்க முடியாது. ஆனால் காபோல்டின் கட்டுரையைக் கடைசிப் பக்க மேற்கோள் பட்டியலில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. கணினி எண்ணுவதோ அந்தப் பட்டியலை மட்டும்.

காபோல்டுக்கு இதில் நஷ்டமில்லை, அவர் போய்ச் சேர்ந்து நூறாண்டுக்கு மேலாகிறது. இன்று மீன் குடலில் புதுப் புழுவைக் கண்டு, மாதக்கணக்கில் நுண்ணோக்கியில் பார்த்து வரைந்து, அளந்து, பெயரிடும் பிள்ளைகளுக்குத்தான் அடி. இம்பாக்ட் ஃபேக்டர் முந்தைய இரண்டே ஆண்டுக் கட்டுரைகளுக்கு வரும் மேற்கோள்களைப் பார்க்கிறது. புழு விவரணை ஐம்பது வருஷம் கழித்தும் தேவைப்படும் சரக்கு. நேர்முகத் தேர்வில் “சைட்டேஷன் எவ்வளவு?” என்று கேட்டே அவர்களைத் திருப்பி அனுப்பினால், நாளைக்குப் புழுவை அடையாளம் காட்ட யார் இருப்பார்கள்?

டி.என்.ஏ. பரிசோதனை இருக்கிறதே என்பீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க, யாரோ முன்பே சரியாகப் பெயரிட்ட புழு ஒன்று வேண்டுமே ஐயா!

பெயரைப் பயன்படுத்துகிறவர் மூலக் கட்டுரையையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று ஆய்விதழ்கள் விதி வைக்கட்டும். இரண்டு வரி கூடும், அவ்வளவுதான்.