காபி டம்ளரும் இரும்புச்சத்து மாத்திரையும்

சகோதரிகளே, போன மாதம் ஒருநாள் செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போயிருந்தேன். சிற்பம் பார்க்க இல்லை, நெத்திலி மீன் வாங்க! என் மகளுக்கு இது ஏழாம் மாதம். ஏன் அவ்வளவு தூரம் மீனைத் தேடிப் போனேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கடற்கரையில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். பக்கத்தில் ஒருவர் வலையைச் சீர்படுத்திக் கொண்டிருந்தார்.

"இப்பல்லாம் நைலான் வலைம்மா. எங்க தாத்தா காலத்துல பருத்தி நூல் வலைதான். மரப்பட்டைய இடிச்சுக் கொதிக்க வச்சு, அந்தத் தண்ணியில வலைய முக்கி எடுப்பாங்க. துவர் ஏறிடுச்சுன்னா சீக்கிரம் மக்காது" என்றார் பாட்டி.

துவர் என்ற அந்தச் சொல் என்னைச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அந்தத் துவர்ப்புதான் என் வீட்டில் இரண்டு மாதமாக எனக்குத் தெரியாமலே ஒரு வேலை செய்துகொண்டிருந்தது.

பட்டையில் உள்ள துவர்ப்புச் சரக்குக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் டானின். நம் பக்கத்தில் தோல் பதனிட ஆவாரம்பட்டையை உபயோகித்ததும் இதற்காகத்தான். இது பாலிபீனால் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. வாழைப்பூ, நெல்லிக்காய், நாவற்பழம், தேயிலை, காபி, பாக்கு எல்லாவற்றிலும் இந்தக் குடும்பத்தார் உண்டு. மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்குமினும் இவர்களுக்கு உறவுதான். செடிகள் பூச்சியிடமிருந்தும் வெயிலிடமிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ளத் தயாரிக்கும் சரக்கு இது.

இனி என் கதைக்கு வருகிறேன். ஐந்தாம் மாதத்தில் மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 8.6 இருந்தது. கர்ப்பிணிக்கு 11க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். நானும் பொறுப்பான அம்மாவாக, தினமும் காலையில் பலகாரம் முடிந்ததும் மாத்திரையையும் கூடவே சூடான ஃபில்டர் காபியையும் நீட்டினேன். வெறும் தண்ணீரில் விழுங்கினால் குமட்டுகிறது என்றாள். காபியில் விழுங்கினால் என்ன கெட்டுவிடும் என்று எனக்கு நினைப்பு. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் 8.8!

வீட்டுக்கு வந்த கிராம சுகாதார நர்ஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மாத்திரையை எதோட சாப்பிடுறே பாப்பா?"

"காபியோட, சிஸ்டர்."

"அம்மா, நீங்க ஒரு கையால கொடுத்துட்டு, இன்னொரு கையால பிடுங்கிக்கிறீங்க" என்றார் என்னைப் பார்த்து. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அவர் சொன்னது வெறும் வார்த்தை இல்லை. வலை நூலையும் தோலையும் பிடித்துக்கொள்ளும் அதே குணத்தால், துவர்ப்புச் சரக்கு குடலில் இரும்பையும் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்ட இரும்பு ரத்தத்தில் சேராமல் மலத்தோடு போய்விடுகிறது. நம் பக்கத்து பெங்களூரில், செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சிக் கழகத்தார் இளம் பெண்களுக்குச் சோற்று உணவு கொடுத்துப் பரிசோதித்து, 2008ல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாட்டோடு ஒரு கப் டீ குடித்தால் இரும்பு சேருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இரண்டு கப் என்றால் மூன்றில் இரண்டு பங்கு நஷ்டம்.

மாத்திரைக்கும் இதே கதிதான். ஸ்விட்சர்லாந்தில் இரும்புச்சத்துக் குறைந்த பெண்களுக்கு 100 மில்லிகிராம் இரும்பு கொடுத்துப் பார்த்து 2023ல் எழுதியிருக்கிறார்கள். காபியோடு எடுத்தபோது 54 சதவிகிதம் குறைந்தது. காபியும் காலைப் பலகாரமும் சேர்ந்தபோது 66 சதவிகிதம் குறைந்தது. நான் செய்தது இரண்டாவது ரகம்! 80 மில்லிகிராம் வைட்டமின் சி சேர்த்தபோது 30 சதவிகிதம் கூடியது. 500 மில்லிகிராம் கொடுத்தும் அதற்கு மேல் லாபம் இல்லை. ஆகவே வைட்டமின் மாத்திரைக்குக் காசு செலவழிக்க வேண்டாம், ஒரு கொய்யாப்பழம் போதும்.

இது என் வீட்டு விஷயம் மட்டும் இல்லை. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. நமக்கோ காலையில் காபி, பதினோரு மணிக்கு டீ, சாப்பிட்டதும் வெற்றிலை பாக்கு!

அப்படியானால் துவர்ப்பே ஆகாதா? அப்படி யாரும் பயப்பட வேண்டாம். பழம், காய், கீரை, பருப்பு நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு இருதய நோய் குறைவு என்று பல ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அந்த நன்மையில் இந்தச் சரக்குக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறார்கள். குழம்பில் போடும் மஞ்சள் இரும்பைத் தடுப்பதில்லை என்று தாய்லாந்துப் பெண்களிடம் நடந்த சோதனையில் 2006லேயே தெரிந்துவிட்டது. ஆனால் துவர்ப்பு என்றாலே மருந்து என்றும் நினைத்துவிடாதீர்கள். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு அறிவித்துவிட்டது. மஞ்சள் சத்தை மாத்திரையாக விழுங்கிக் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு. சமையலில் சிட்டிகை வேறு, குப்பியில் அடைத்த மாத்திரை வேறு.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன்.

காபி எழுந்ததும் ஒரு டம்ளர், அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி இரும்பைத் தடுப்பதில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலோ கூடவே குடித்த அளவுக்குத் தடுக்கிறது என்று 1983லேயே கண்டிருக்கிறார்கள். அதனால் சாப்பிட்டபின் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுகிறோம்.

மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கி, கூடவே கொய்யாத் துண்டு அல்லது எலுமிச்சைச் சாறு. குமட்டலுக்கும் எலுமிச்சை நன்றாகக் கேட்கிறது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் பாலும் வேறு வேளையில்தான்.

கீரை மசியலை இறக்கியபின் எலுமிச்சை பிழிகிறேன். அசைவம் சாப்பிடுகிறவர்கள் வாரம் இரண்டு மூன்று நாள் மீன் சேர்த்தால், மீனில் உள்ள இரும்பு சுலபமாகச் சேரும். கூட உள்ள சோறு, கீரையின் இரும்பையும் அது இழுத்துக்கொண்டு வரும். நெத்தி­லி தேடிப் போன ரகசியம் இதுதான்.

பேரனுக்கு டீயில் பன் நனைத்துக் கொடுக்கும் வழக்கத்தையும் நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் அழுதான். மூன்றாம் நாள் வாழைப்பழத்துக்குச் சமாதானமாகிவிட்டான்.

ஐந்து வாரத்தில் மகளுக்கு 10 ஆகிவிட்டது. காபியை மாற்றியதால் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன், டாக்டர் மாத்திரையையும் இரண்டாக்கியிருந்தார். ஆனால் இந்தத் தடவை கொடுத்த மாத்திரை வீணாகவில்லை என்று மனசுக்கு நிம்மதி.

உங்கள் வீட்டில் மாத்திரை சாப்பிடும் மகளோ மருமகளோ இருந்தால், இன்றைக்கே ஒரு தடவை கேட்டுவிடுங்கள்: "எதோட சாப்பிடுறேம்மா?"