ஃப்ரெட்டி யாருக்குத் துரோகம் செய்தார்?

2018ல் வந்த 'பொஹிமியன் ராப்சடி' படத்தைப் பார்த்துவிட்டு குயீன் ரசிகர் ஆனவர்கள் நாகர்கோவில் பக்கமும் உண்டு. சந்தோஷம்தான். ஆனால் அவர்களிடம் ஃப்ரெட்டி மெர்க்குரியின் முதல் தனி ஆல்பமான 'மிஸ்டர் பேட் கை'யைக் கேட்டீர்களா என்றால், "காசுக்காக பேண்டை உடைச்சிட்டுப் போய்ப் பண்ணின குப்பைதானே அது?" என்று பதில் வருகிறது. கேட்காமலே தீர்ப்பு! படம் அப்படித்தான் சொல்கிறது. படம் சொல்வது பொய்.

படத்தில் ஃப்ரெட்டி தனி ஒப்பந்தம் போட்டுவிட்டு வந்து சொல்லும்போது மற்ற மூவரும் இடி விழுந்தது போல நிற்கிறார்கள். நிஜத்தில் டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லர் 1981லேயே 'ஃபன் இன் ஸ்பேஸ்' என்று தனி ஆல்பம் போட்டாயிற்று. கிதார் பிரையன் மே 1983ல் எடி வான் ஹேலனைச் சேர்த்துக்கொண்டு 'ஸ்டார் ஃப்ளீட் ப்ராஜெக்ட்' வெளியிட்டாயிற்று. ஃப்ரெட்டியின் ஆல்பம் வந்தது 1985 ஏப்ரலில். வரிசையில் கடைசியாக வந்தவர் எப்படி ஐயா முதல் துரோகி ஆவார்?

இன்னொரு கூத்து. லைவ் எய்டுக்கு முன் நால்வரும் சேர்ந்து வாசித்தே வருடக்கணக்கு ஆனதாகக் காட்டுகிறார்கள். 1985 ஜனவரியில் 'ராக் இன் ரியோ' மேடையில் இருந்தது யார்? அதே மே மாதம் ஜப்பானில் வாசித்தது யார்? ஜூலை 13ல் லைவ் எய்டு. உடையாத பேண்டை ஒட்டவைத்து அழவிட்டிருக்கிறார்கள்.

இந்தக் கதை நம்மூரில் இவ்வளவு சுலபமாக விலைபோவதற்குக் காரணம் உண்டு. இங்கே கோயில் பாடகர் குழுவில் இருக்கிற ஒருவன் தனியாக ஒரு பாட்டு சிடி போட்டால் போதும். "அவனுக்க தலைக்கனத்தப் பாத்தியாலே" என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பித்துவிடும். அவன் அதே குழுவில் அதே வரிசையில் நின்று பாடிக்கொண்டிருப்பான், அது கண்ணில் படாது. திருவட்டாறில் பிறந்த கமுகற புருஷோத்தமன் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார், மலையாளப் படங்களிலும் பாடினார். பள்ளிக்கூடத்துக்குத் துரோகம் என்று யாராவது சொன்னார்களா? (சொல்லியிருந்தாலும் ஆச்சரியமில்லை, நம்ம ஆட்கள்தானே :-))

சரி, ஆல்பம் எப்படி? மியூனிக்கின் மியூசிக்லேண்ட் ஸ்டுடியோவில், மாக் என்கிற தயாரிப்பாளரோடு சேர்ந்து செய்தது. பதினொரு பாட்டும் ஃப்ரெட்டியே எழுதியவை. சிந்தசைசர் சத்தம் தூக்கல். 'லெட்ஸ் டர்ன் இட் ஆன்' இன்றைக்குக் கேட்டால் பழைய மிக்ஸர் கிரைண்டர் ஓடுவது போலத்தான் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் "டிஸ்கோ பக்கம் போய் ராக்கைக் கைவிட்டார்" என்கிறவர்கள் 1982ல் நால்வரும் சேர்ந்து போட்ட 'ஹாட் ஸ்பேஸ்' ஆல்பத்தை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

தலைப்புப் பாட்டைக் கேளுங்கள். குயீன் என்றால் பிரையன் மேயின் கிதார் வந்து நிற்கவேண்டிய இடத்தில் முழு ஆர்கெஸ்ட்ரா எழும்பி வருகிறது. பஞ்சகனி செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் 'ஹெக்டிக்ஸ்' என்ற குழுவில் பியானோ வாசித்துக்கொண்டிருந்த ஃபரோக் புல்சாரா என்ற பையன், கேட்க ஆளில்லாமல் தன் இஷ்டத்துக்குச் செய்தால் என்ன வரும் என்பது அந்தப் பாட்டில் தெரியும். 'தேர் மஸ்ட் பி மோர் டு லைஃப் தேன் திஸ்' இன்னும் ஒரு படி மேலே. பியானோவும் குரலும்தான் முன்னால் நிற்கின்றன.

குப்பை என்பவர்களுக்கு இன்னொரு செய்தி. ஃப்ரெட்டி 1991 நவம்பரில் இறந்தார். 1993ல் இந்தக் குப்பையிலிருந்து எடுத்த 'லிவிங் ஆன் மை ஓன்' ரீமிக்ஸ் ஆகி இங்கிலாந்தில் முதலிடம் போனது. 1995ல் மீதி மூவரும் இதே ஆல்பத்திலிருந்து 'மேட் இன் ஹெவன்', 'ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ' இரண்டின் குரலையும் எடுத்து, தங்கள் வாசிப்பைச் சேர்த்து குயீன் பாட்டாக வெளியிட்டார்கள். அந்தக் குயீன் ஆல்பத்துக்குப் பெயரே 'மேட் இன் ஹெவன்'தான். துரோகியின் பாட்டுப் பெயரை ஆல்பத்துக்கு வைப்பார்களா என்ன?

கேட்பவர்கள் 1985 ஆல்பத்தையும் 1995 ஆல்பத்தையும் பக்கத்தில் வைத்து அந்த இரண்டு பாட்டுகளை மட்டும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஹெட்போனில். கிதார் சேர்ந்ததில் 'ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ' பலமாகியிருக்கிறது. 'மேட் இன் ஹெவன்' பழையதே நல்லது.