பிள்ளைகளுக்கு லீவு, உம்மாவுக்கு?



இரண்டாந் தவணை முடிந்து பாடசாலை விட்ட அன்று பின்னேரம். நான் கொடியில் உடுப்புக் காயப் போட்டுக் கொண்டிருந்தேன். பக்கத்து வளவு ராத்தா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"லீவு விட்டாச்சி. எங்ககா போகப் போறீங்க, நுவரெலியாவுக்கா?"

"எங்கயும் இல்ல ராத்தா. ஊட்டிலதான்."

"அப்ப புள்ளைகள கிளாசுக்குப் போட்டிருப்பாய்."

"அதுவும் இல்ல."

ராத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. "மூணும் நாள் முழுக்க ஊட்டிலயா? அல்லாஹ்தான் உனக்குக் கிருபை செய்யணும்" என்று துஆச் செய்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் பயந்ததில் பிழையில்லை. பாடசாலை நாட்களில் ஏழு மணிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டால் ஒன்றரை மணி வரைக்கும் நமக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். லீவு வந்தால் அதுவும் போய்விடும். ஒருவன் சாப்பிட்டு எழும்ப மற்றவனுக்குப் பசிக்கும். கூட்டிய முற்றத்தில் மணல் வீடு முளைக்கும். கோப்பை கழுவி முடிவதற்குள் இன்னும் நாலு கோப்பை வந்துவிடும். போதாதற்கு ஆகஸ்ட் மாதம் எங்கள் அம்பாறைக் கரையோரத்தில் கச்சான் அடிக்கும் காலம். பதினொரு மணிக்குப் பிறகு அடுப்பு குசினிக்குள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று தெரியாது. "உங்களுக்கென்ன, லீவுதானே" என்று ஆண்கள் சொல்லும்போது சிரிப்பதா அழுவதா என்றிருக்கும்.

அதனால்தான் போன வருடம் நானும் மற்ற உம்மாமாரைப் போலவே செய்தேன். ஆங்கிலத்துக்கு ஒரு வகுப்பு, கணிதத்துக்கு ஒரு வகுப்பு, அஸருக்குப் பின் வழமையான குர்ஆன் மத்ரஸா. வகுப்பில்லாத நேரத்தில் மகன் பந்தும் மட்டையுமாகத் திடலுக்கு ஓடிவிடுவான். மூத்தவள் என்னோடு நிற்பாள். கடைக்குட்டி அவள் இடுப்பில். வீடு ஒழுங்காகத்தான் ஓடியது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பாடசாலை தொடங்கி ஒரு கிழமைக்குப் பிறகு, கொப்பிகளுக்கு உறை போடுவதற்காக இருவருடைய புத்தகப் பைகளையும் திறந்தேன். இரண்டு தமிழ்க் கொப்பிகளிலும் ஒரே தலைப்பில் கட்டுரை: "நான் விடுமுறையைக் கழித்த விதம்." நாம் படித்த காலத்திலிருந்தே மாறாத தலைப்பு. மகன் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். திடலில் ஆடிய கிரிக்கெட், வாப்பாவோடு வட்டைக்குப் போனது, வாய்க்காலில் குளித்தது, வரம்பில் கண்ட பாம்பு, நண்பனின் வளவில் பொறுக்கிய நாவற்பழம். பிழைகள் நிறைய, ஆனால் வாசிக்க இனித்தது.

மூத்தவளின் கொப்பியில் ஆறே ஆறு வரிகள். காலையில் எழுந்து சுபஹ் தொழுதேன். முற்றம் கூட்டினேன். உம்மாவுக்கு உதவி செய்தேன். தம்பிக்குச் சோறு ஊட்டினேன். வகுப்புக்குச் சென்றேன். எனது விடுமுறை இனிதே முடிந்தது. ஓர் எழுத்துப் பிழை கூட இல்லை. கீழே சிவப்பு மையில் "மிக நன்று" என்று எழுதி ஒரு நட்சத்திரமும் போட்டிருந்தார் டீச்சர்.

சகோதரிகளே, ஒரே வீடு, ஒரே உம்மா, ஒரே ஆகஸ்ட் மாதம். இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விதமான லீவு. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. எனக்குப் பன்னிரண்டு வயதில் கிடைத்த லீவும் இதே ஆறு வரிதான். அப்போது நான் மனதுக்குள் முறையிட்டது எனக்கு நினைவிருக்கிறது. அதை அப்படியே என் மகளுக்கும் சமைத்து வைத்திருக்கிறேன் என்பது தெரியாமல் போய்விட்டது.

பெண் பிள்ளை வீட்டு வேலை பழக வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் ஓய்வை எடுத்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பது பழக்கம் அல்ல, அநீதி. வகுப்பு விஷயமும் அப்படித்தான். புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்தும் உம்மாமார் என்னோடு கோபிக்க வேண்டாம், உங்கள் கவலை வேறு. மற்ற வகுப்புப் பிள்ளைகளைப் பற்றித்தான் சொல்கிறேன். தவணைக் காலத்தில் பாடசாலை, டியூசன், மத்ரஸா, வீட்டுப் பாடம் என்று அவர்கள் படும் பாட்டை நாம் பார்க்கிறோம். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு காலத்தில் நீண்ட லீவு உண்டுதான். ஆனால் அது நோன்புக்கும் தராவீஹுக்கும் குர்ஆனுக்கும் உரியது. ஓடி விளையாடக் கிடைப்பது இந்த ஆகஸ்ட் நாட்கள்தான்.

ஆகவே இந்த வருடம் பிள்ளைகளின் வாப்பாவோடு முதலிலேயே பேசினேன். பயணம் போகக் காசும் இல்லை, ஆசையும் இல்லை. வீட்டிலேயே இருப்போம். ஆனால் எல்லோருக்கும் லீவு, எனக்கும் சேர்த்து. எல்லோருக்கும் லீவு என்றால் எல்லோருக்கும் வேலை. மனிதர் சிரித்துவிட்டு, "எனக்கென்ன வேலை?" என்று கேட்டார். சுபஹுக்குப் பிறகு பிளேன்டீ போடுவது உங்கள் பொறுப்பு என்றேன். அல்ஹம்துலில்லாஹ், முதல் இரண்டு நாள் சாயம் கடுத்தது, பிறகு கைக்கு வந்துவிட்டது.

கஷ்டம் மகனோடு அல்ல, என் உம்மாவோடுதான் வந்தது. பதினொரு வயதுப் பேரன் அரிசி களைவதைக் கண்டதும், "ஆம்புளப் புள்ளைய குசினிக்குள்ள உட்டு என்னகா செய்றாய்? நாளைக்கு ஊரு சிரிக்கும்" என்றார். நான் எதிர்த்துப் பேசவில்லை. வீட்டில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழுகைக்குப் போய்விடுவார்கள் என்று சொன்ன செய்தி புஹாரியில் இருக்கிறது. அதை மாத்திரம் உம்மாவிடம் சொன்னேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரத்தில் பேரனிடம், "தண்ணி கூடிப் போச்சி மனே, கொஞ்சம் ஊத்து" என்று குரல் கேட்டது.

உண்மையைச் சொல்வதானால் என்னைத் திருத்துவதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. சோறு குழைந்து போகும், தேங்காய்ச் சிரட்டையும் சேர்த்துத் துருவப்படும், சம்பலில் உப்பு அள்ளிப் போடப்படும். பார்த்துக் கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். "விடு, நான் செய்றன்" என்ற வார்த்தை எத்தனை தரம் நாக்கு நுனி வரை வந்தது! அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லியே நம் தலையில் எல்லா வேலையையும் நாமே ஏற்றிக் கொண்டோம். ஆண்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

சமையலையும் குறைத்தேன். லீவு நாளில் மூன்று வேளையும் அடுப்பு எரிய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கச்சான் காலத்துக் காலைக்குப் பழஞ்சோறும் தயிரும் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போதும். உடம்புக்கும் குளிர்ச்சி. பகலில் சோறும் ஒரு கறியும். பின்னேரம் வெள்ளரிப்பழத்தை வெட்டிச் சீனி தூவி வைத்தால் பிள்ளைகள் பிஸ்கட்டைத் தேட மாட்டார்கள். லுஹர் தொழுது சாப்பிட்டதும் வீடு முழுக்கக் கைலூலா. மூன்று மணி வரை யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. பத்து வருடத்துக்குப் பிறகு பகலில் கண் அயர்ந்தேன். முதல் நாள் திடுக்கிட்டு எழும்பி, எதையோ அடுப்பில் வைத்து மறந்துவிட்டேனோ என்று குசினிக்கு ஓடினேன்.

இனி மூத்தவளின் லீவுக்கு வருகிறேன். அவளிடம், "உனக்கு என்ன செய்ய ஆசை?" என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தாள். ஆசை என்ன என்று கேட்டுப் பழகாத பிள்ளைக்குப் பதில் சட்டென்று வராது. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தம்பி போற மாதிரி வட்டைக்குப் போகணும். கடலப் பாக்கணும்."

வட்டை இலேசு. சிறுபோக அறுவடை நாளில் சோற்றுப் பார்சல் கட்டிக் கொண்டு ஐந்து பேரும் லேண்ட்மாஸ்டரில் போனோம். முன்பு பத்துப் பதினைந்து பேர் நாள் கணக்கில் வெட்டியதை வெட்டு மெசின் லுஹருக்கு முன்பே முடித்துவிட்டது. மருத மர நிழலில் இருந்து சாப்பிடும்போது வாய்க்கால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தையும், இங்கினியாகலையில் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்தையும் வாப்பா விளக்கினார். அங்கே மழை, இங்கே ஏன் இந்தச் சூடு என்று அடுத்த கேள்வி. தென்மேல் காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, ஈரம் இல்லாமல் இந்தப் பக்கம் இறங்கும்போது சூடாகிவிடுகிறது, அதுதான் நம்முடைய கச்சான் என்றார். டியூசனில் இருந்தால் இந்தப் பாடத்துக்குக் காசு கொடுத்திருப்போம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: வாய்க்காலில் முழங்கால் தண்ணீர்தானே என்று பெரியவர்கள் நினைக்கிறோம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது இடுப்பளவு, இழுப்பும் இருக்கும். ஒரு பெரிய ஆள் கூடவே தண்ணீரில் நிற்க வேண்டும். வளவுக் கிணற்றுக்குக் கட்டு இல்லாவிட்டால் லீவுக்கு முன்பே அதைக் கட்டுங்கள்.

கடல்தான் இலேசாக இருக்கவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அதுவும் பிள்ளைகளுக்கு ஒரு லீவு நாள்தான். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் அன்று நடந்ததை இந்தப் பகுதி வாசகியருக்கு நான் சொல்லத் தேவையில்லை. என் சாச்சி அன்று போனவர். அதன் பிறகு நான் கடற்கரைக்குப் போனதே இல்லை, மகளையும் விட்டதில்லை. மகன் மட்டும் வாப்பாவோடு போய் வருவான். கடல் கால் மணி நேர நடைத் தூரம். இந்தப் பிள்ளை அதைத் தூரத்து இரைச்சலாக மட்டுமே அறிந்து வளர்ந்திருக்கிறாள்.

இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் சுபஹ் தொழுதுவிட்டு எல்லோருமாக நடந்தோம். இந்த மாதங்களில் எங்கள் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும். கரைவலை இழுத்துக் கொண்டிருந்தார்கள். மீன் வாங்க வந்த பெண்களோடு ஒதுங்கி நின்றேன். கால் நடுங்கியது. மகள் என் கையைப் பிடித்திருந்தாள். நான் அவளைப் பிடித்திருந்தேனா, அவள் என்னைப் பிடித்திருந்தாளா என்று சொல்லத் தெரியவில்லை. சூரியன் தண்ணீரிலிருந்து கிளம்பியபோது, "இவ்வளவு கிட்டயா உம்மா இருந்திச்சி?" என்று கேட்டாள்.

ஆளில்லாத பக்கமாகத் தம்பியோடு ஓட்டப் பந்தயம் வைத்தாள். வென்றாள். குமர்ப் பிள்ளையாகப் போகிறவள் கடற்கரையில் ஓடுகிறாள் என்று பேச்சு வரும் என்பது எனக்குத் தெரியும், வந்தும் விட்டது. ஆயிஷா (ரழி) அவர்களோடு நபி (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடியதும், ஒரு தடவை ஆயிஷா (ரழி) அவர்கள் வென்றதும் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. உடையும் ஒழுக்கமும் பேணி, பெற்றோர் பக்கத்தில் நிற்க, ஒரு பிள்ளை ஓடியதற்கு நான் யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்?

மற்ற நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கிளித்தட்டு, ஒளித்துப் பிடித்தல், கரம். ஒன்றும் செய்யத் தோன்றாமல் "போரடிக்குது உம்மா" என்று சுருண்டு கிடந்த பின்னேரங்களும் இருந்தன. நான் மறுமொழி சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் அவர்களாகவே ஏதாவது கண்டுபிடித்துவிட்டார்கள். மரத்தடியில் கடை வைத்துக் கடைக்குட்டியிடம் இலைக் காசு வாங்கியதும் அப்படி வந்த விளையாட்டுத்தான்.

பாடசாலை தொடங்கியது. அதே தலைப்பு, அதே கட்டுரை. இந்த முறை நான் பைகளைத் திறந்து தேடவில்லை. மூத்தவளே கொப்பியைக் கொண்டு வந்து நீட்டினாள். மூன்று பக்கம். வட்டை, மருத மரம், கச்சான், கரைவலை, சூரியன் கிளம்பியது. அங்கங்கே எழுத்துப் பிழைகள். கீழே சிவப்பு மையில் டீச்சர் எழுதியிருந்தார்: "உம்மாவுக்கு உதவி எதுவும் செய்யவில்லையா?"

"என்ன உம்மா சொல்ற டீச்சர்ட்ட?" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக் கொண்டு கேட்டாள். இருவருக்கும் தமிழ் படிப்பிப்பது அதே டீச்சர்தான்.

"தம்பிட கொப்பியையும் பார்க்கச் சொல்லு" என்றேன். அவன் சம்பல் இடித்த கதையையே ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தான்.